நாற்பத்தெட்டு மணி நேரம்

2047 மார்ச் 11, திருப்பூர். பின்னலாடை ஆலை ஒன்றில் தையல் வேலை செய்யும் கோகிலவாணிக்குத் துக்க விடுப்பு மறுக்கப்பட்டது. இறப்பு நடந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தொழிலாளியின் மணிக்கட்டுப் பட்டையில் துக்கம் பதிவாகியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

"துக்கமே காட்டலீங்க அக்கா. பதினாலு மணி நேரம் தூங்குனதாத்தான் காட்டுது," என்றார் மேலாளர் பிரணவ்.

"படுக்கையில கெடந்த மாமியார ஆறு வருசம் ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாத்தனுங்க தம்பி. அவங்க போன அன்னிக்குத்தான் தூங்குனேன்."

"எனக்குப் புரியுதுங்க. பட்டைக்குப் புரியோணுமே."

மதிய இடைவேளையில், மாத்திரையை நினைவூட்ட வழக்கம்போல மாமியாரின் எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோகிலவாணி அழுதாள்.

பட்டை துக்கத்தைப் பதிவு செய்தது. கெடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்றரைக்கு அவள் எந்திரத்துக்குத் திரும்பினாள்.