முந்நூற்று ஒன்று

சீனத்துக் கூலிகளை ஏற்றும் அந்தக் கப்பலில் சட்டப்படி முந்நூறு பேர்தான் போகலாம். கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவரைப் படுக்கவைத்து எண்ணினார் துறைமுக அதிகாரி. காற்று இறங்கும் ஏணியடிக் கட்டம்தான் கடைசி. அது தியோங்குக்குக் கிடைத்தது. அவனுக்குப் பின்னால் நின்றவன் அவனுடைய அண்ணன் பூன்.

“முந்நூறு ஆச்சு. நீ எறங்கு.”

ஏறும்போது தம்பியை முன்னால் தள்ளிவிட்டதே பூன்தான். படகில் கரைக்குத் திரும்பும்போது வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள், அதிகாரியின் கண் எட்டாத முனைக்கு அப்பால் கப்பல் காத்து நின்று, பூனோடு சேர்த்து இறக்கிவிட்ட எண்பது பேரையும் படகுகளிலிருந்து ஏற்றிக்கொண்டது. கீழே கால் வைக்க இடமில்லை. தன் கட்டத்துக்குள் எவனும் எவனையும் விடவில்லை.

தியோங் மட்டும் ஒடுங்கிப் படுத்து, பக்கத்துப் பலகையைத் தட்டினான். “அண்ணே, இங்க வா. எனக்குப் பாதி போதும்.”

கொடுப்பதற்கும் இவனிடம்தான் இருக்கிறது என்று பட்டது அண்ணனுக்கு.

பூன் படுக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு, தம்பியைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக் கோட்டை அழிக்கத் தொடங்கினான்.