ஆளுக்குப் பாதி

ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்ணின் முழங்கையைப் பார்த்ததும், அவன் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. வளைய மறுக்கும் இந்த முதுகை வைத்துக்கொண்டு அதைத் தூக்கிக் கொஞ்சவே முடியவில்லை. இதில் தோல் வியாதியும் தன்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

“சிஸ்டர், இவங்கள வேற இடத்துல உக்கார வைக்க முடியுமா?”

மெதுவாகத்தான் கேட்டான். அவள் காதில் விழாத அளவுக்கு மெதுவாக அல்ல.

அவள் முந்தானையை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ!

நர்ஸ் ஜெசிந்தா மருந்து கலக்குவதில் மும்முரமாக இருந்தாள். அவனுக்கு இரண்டு பாட்டில். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பாட்டில். கடைசியாக ஒன்றைத் திறந்து, பாதியை அவனுடைய மருந்துப் பையில் ஏற்றினாள். ஊசியை மாற்றி, மீதியை அவளுடையதில்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சிஸ்டர், எனக்கு முதுகு. அவங்களுக்குத் தோலு. மாறிப்போச்சா?”

“மாறல சார். ரெண்டு பேருக்கும் மருந்து ஒண்ணுதான். திறந்த பாட்டில வச்சிருக்கக் கூடாது. அதான் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொன்னது.” இருவர் கையிலும் மருந்துக் குழாயை மாட்டியபடியே சொன்னாள். “காவலுக்கு இருக்கிற எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்ப அடிக்குது. உங்களுக்கு முதுகுல, அவங்களுக்குத் தோல்ல. இது யாருக்கும் ஒட்டாது சார்.”



காலையில் தன்னை மரக்கட்டையாக்கிப் படுக்கையோடு போடுவதும், முன்பின் தெரியாத இந்தப் பெண்ணின் தோலை உரிப்பதும் ஒன்றேதானா?

அடேயப்பா!

யாரோ எவரோ. ஊர் வேறு, வீடு வேறு. உள்ளே நடக்கிற தப்பு மட்டும் ஒன்று. வெறும் தண்ணீர் போலிருந்தது மருந்து. அது சொட்டுச் சொட்டாக இருவருக்குள்ளும் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

“மன்னிச்சிருங்க” என்றான்.

அவள் அந்தக் கடைசிக் காலி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளருங்க. ஒருத்தரோட ஒண்ணப் பங்கு போட்டு எத்தனையோ வருஷமாச்சு.”

அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

நாற்காலியை அவள் பக்கமாக இழுத்தான், குழாய் எட்டுகிற வரைக்கும்.