முயலுக்குப் பிடிச்ச போட்டோ

டேய், முயலப் பாத்து சிரிக்காதீங்கடா. நீங்கல்லாம் ஆதார் போட்டோவுக்கே பவுடர் அப்பிட்டுப் போனவனுங்கதானே!

காட்டு யுனிவர்சிட்டியில வளை தோண்டுற படிப்பு படிக்கணும்னு முயலுக்கு சின்ன வயசுலேர்ந்து ஆசை. அங்க கடைசித் தேதின்னு ஒண்ணு கிடையாது. வர்றவங்களுக்கு வர்ற வரிசையில சீட்டு.

"அப்புறம் என்ன அவசரம்?"னு கேட்டுச்சு முயல். ஃபார்ம் எழுதியாச்சு. ஆனா போட்டோவுல ஒரு காது மடங்கியிருந்துச்சு. மறுபடி எடுத்தா ரெண்டு காதும் மேல கட் ஆயிருச்சு. ஆறாவது தடவ காது நல்லா நின்னுச்சு, கண்ண மூடிருச்சு. இப்படியே ரெண்டு மாசம் போச்சு.

கடைசில அழகான போட்டோவோட போய் நின்னுச்சு. கவுண்டர்ல இருந்த ஆமை ஃபார்ம வாங்கி சீல் குத்துச்சு.

"போட்டோ சூப்பர் தம்பி. சீட்டுதான் போன வாரமே முடிஞ்சுபோச்சு."

"கடைசித் தேதியே இல்லன்னீங்களே சார்?"

"இப்பவும் இல்லையே. நாளைக்கும் ஃபார்ம் வாங்குவோம்."

முயல் அங்கேயே உக்காந்து அழுதுருச்சு.

அந்தக் கடைசி சீட்ட வாங்கின ஆடு நான்தான்டா. எங்கக்கா போட்டோவ ஒட்டிக் குடுத்தேன், ஒருத்தரும் கண்டுக்கல. சேந்த நாலாம் நாளே பிடிக்கலன்னு வெளிய வந்துட்டேன்.