நரைக்காத ராணி

"ராணி முகத்துல ஒரு சுருக்கம் விழக் கூடாது! நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

ஆலோசகர் மேஜையில் தட்டிய வேகத்தில் டீக் கோப்பைகள் துள்ளின. அந்த அரண்மனை அருங்காட்சியகத்தில் சுவரோவியங்களைச் சீர்செய்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர்.

ஓவியக்காரிக்கு ரத்தம் கொதித்தது. 'எங்கள் பழைய ஓவியங்களைப் புதுக் கண்ணோடு பார்த்து ஏதாவது செய்யுங்கள், நிதி தருகிறோம்' என்று அவளைக் கூப்பிட்டதே இவர்கள்தான். மற்ற எல்லோரும் சம்மதித்தாகிவிட்டது. இவர் ஒருவரின் கையெழுத்து மட்டும் பாக்கி. இன்றைக்குள் அது கிடைக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும்.

"சுவரை நான் தொடவே போறதில்லை சார். முன்னால மெல்லிசா ஒரு திரை. அதுல வயசான ராணி. அவ்வளவுதான்."

"அவங்களுக்கு எதுக்கும்மா வயசாகணும்?"

"நீங்களே பாருங்க!" அவள் எழுந்துபோய், எதிரே இருந்த சுவரோவியத்தின் அருகில் நின்றாள். "ராஜாவுக்கு மீசை நரைச்சாச்சு, கன்னம் ஒட்டியாச்சு. கூடவே குடித்தனம் நடத்தின ராணிக்கு மட்டும் இருபது வயசு! ஆம்பளை கிழவனாகலாம், பொம்பளை மட்டும் பளபளன்னு பொம்மை மாதிரி நிக்கணும். என்ன அநியாயம் சார் இது? அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எவ்வளவு திமிர்!"

"செத்துப்போனவங்களை ஏம்மா திட்டுற? அவங்க என்ன பண்ணாங்க?"

அருங்காட்சியக இயக்குநர் இடையில் புகுந்தார். "சார், மழைத்தண்ணி இறங்கி அழிஞ்சுபோன ராணி முகத்தைத் திரும்ப எழுதினது நீங்க. அந்தப் பாசம் எங்களுக்குப் புரியுது. ஆனா..."

"என்னய்யா புரியுது உங்களுக்கு? கல்யாணமான மறுவாரமே, லீவுகூடப் போடாம சாரத்துல ஏறி, கழுத்து ஒடிய எழுதின முகம்யா அது!"

"பாவம் உங்க வீட்டம்மா!" என்றாள் ஓவியக்காரி வெடுக்கென்று. "புதுசா வந்தவங்களை வீட்டுல தனியா விட்டுட்டு, இங்க ராணியைக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்களாக்கும்!"

அவ்வளவு நேரம் முழங்கியவர் சட்டென்று டீக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் விடவில்லை. தான் வரைந்து வைத்திருந்த மாதிரிப் படத்தை அவர் முன்னால் போட்டாள். "உங்க ராணியோட அதே கண்ணு, அதே கன்னக்குழி. முடி மட்டும் நரைச்சிருக்கு, முகம் கொஞ்சம் தளர்ந்திருக்கு. இதுல என்ன அசிங்கத்தைக் கண்டீங்க, சொல்லுங்க!"

படத்தைப் பார்த்த ஆலோசகர் அவசரமாக அதைக் கவிழ்த்து வைத்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தார்.

"என்னங்க, சண்டை போடுற அவசரத்துல சர்க்கரை மாத்திரையைக்கூட மறந்துட்டு வந்துட்டீங்களே!"

மாத்திரைப் பட்டையை மேஜைமேல் வைத்தவர், கவிழ்ந்திருந்த தாளை எடுத்துத் திருப்பினார். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது.

"அட, என்னை எப்பம்மா பார்த்து வரைஞ்சே? அப்படியே இருக்கேன்! மூக்குக் கண்ணாடியை மட்டும் விட்டுட்டியே!"

ஆலோசகர் யார் முகத்தையும் பார்க்காமல், கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.