இருமல் நிற்க வேண்டாம்

“இந்த மாத்திரையே இருக்கட்டும், டாக்டர்” என்றார் கணக்கு வாத்தியார், இரண்டு இருமலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் சுவர் நிறையச் சான்றிதழ்கள்; மிச்ச இடத்தில், அவற்றை வாங்கும்போது எடுத்துக்கொண்ட படங்கள். அவரிடம் யாரும் இப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம். பிரஷர் இறங்கிவிட்டது, வறட்டு இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. சிலருக்கு இந்த மாத்திரை அப்படித்தான், மாற்றினால் போய்விடும் என்று டாக்டர் விளக்கினார்.

“மாத்திடுங்க, டாக்டர். வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல” என்றாள் வாத்தியாரின் மனைவி. வீட்டில் யாரும் என்றால் அவள் ஒருத்திதான்.

டாக்டர் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். அது கால் வீங்க வைக்குமே, ஏற்கெனவே நரம்பு சுருண்டு கிடக்கிறதே என்றார் வாத்தியார். சரி, நீர் பிரியவைக்கும் மாத்திரை? யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வலித்து உயிரை வாங்கும். இன்னொன்று? மூச்சிரைப்புக்காரனுக்கு அது ஆகாது. முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவர்; ஒவ்வொரு விடைக்கும் ஒரு சுழி போட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டர் கடைசித் துருப்பை இறக்கினார். “இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. உங்களுக்கு சுகர் இருக்கே, இப்ப சாப்பிடற மாத்திரை மாதிரியே இதுவும் கிட்னியைக் காப்பாத்தும். கால் வீங்காது, மூச்சிரைக்காது. இருமலும் சுத்தமா நின்னுடும்.”

“சுத்தமாவா?” வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது.

“சுத்தமா.”

“அப்ப அது வேண்டாம், டாக்டர்.”

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வாங்கிய பெல்ட்டையே இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிற மனுஷன், மாத்திரையை மட்டும் மாற்றிவிடுவாரா என்று டாக்டரிடமே நியாயம் கேட்டாள்.

இருமலால் ஆபத்தில்லை, தாங்க முடிந்தால் தொடரலாம் என்று டாக்டர் பழையதையே எழுதினார். எழுதி முடித்து, நர்ஸ் காதில் விழும்படி, தான் முதலில் தேர்ந்தெடுத்தது எப்போதுமே தப்பாகாது என்றும் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய், சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொத்து பிரித்தபோது வீட்டைச் சரிபாதியாக வெட்டி அண்ணன் எழுப்பிய சுவர் அது. ஒன்பது வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ரேடியோச் சத்தம் வந்திருக்கிறதே தவிர, ஒரு வார்த்தை வந்ததில்லை, இந்த இருமல் வரும்வரை.

வாத்தியார் இருமினார். காத்திருந்தார். மறுபடி இருமினார், கொஞ்சம் கூட்டியே.

சுவருக்கு அப்பால் ரேடியோ அடங்கியது.

“டேய், வெந்நீரைக் குடிச்சுத் தொலையேன்டா.”