கோட்டை விட்டு அசையாத மீன்கள்

"மீனை அளந்தீங்களா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு எழுதினீங்களா?"

மீன் ஆய்வு நிலையத்தின் பொறுப்பாளர் நோட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

எதிரே நின்றவளை ஏரிக்கரையில் எல்லோரும் மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படகில் போய், பிடிபடும் கெண்டைகளின் நீளத்தையும் எடையையும் குறித்துவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒப்பந்த வேலை. அடுத்த வருஷமும் அவளை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய, தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மாவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க மேடம். ரெண்டும் முப்பது சென்டிமீட்டர். ஒண்ணு நானூறு கிராம், இன்னொண்ணு ஐந்நூத்திப் பத்து. எப்படி?"

"அது நிறைமாசம் சார். வயிறு பூரா முட்டை."

இயக்குநர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி, இது? வெறும் முந்நூறு!"

"அது என்ன சீக்கோ, பாவம். எலும்பும் தோலுமா இருந்துச்சு சார்."

"இந்த அறுநூறு?"

"அது சாப்பாட்டு ராமன் சார்."

"மீனோட சொந்தக் கதையெல்லாம் யாரும் கேக்கலைம்மா!"

பொறுப்பாளர் தன் வரைபடத் தாளைப் பெருமையாக விரித்தார். "இது நான் அளந்தது மேடம். நம்ம நிலையத்துக் குளத்து மீன். இந்த மூணு மாசத்துல அறுநூறு மீன். இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு எடைன்னு சூத்திரமே இருக்கு, அதை வெச்சுப் போட்ட கோடு இது. ஒழுங்கா அளந்தா மீன் அந்தக் கோட்டை விட்டு அசையாது."

உண்மைதான். அறுநூறு புள்ளிகளும் கோட்டின்மேல் எறும்பு வரிசை மாதிரி போயின. பக்கத்திலேயே குறித்திருந்த மீனக்காவின் புள்ளிகளோ தாளெங்கும் சிதறிக் கிடந்தன.

"பிசிறே இல்லையே!" என்றார் இயக்குநர் அம்மா.

"அனுபவம் மேடம்." காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஒருவேளை தராசுல கோளாறா இருக்குமோ? நாங்க உங்களுக்கு ஒண்ணுதானே அனுப்பினோம்?"

"தராசு நல்ல தராசுதான் மேடம். ஆளுதான் சரியில்லை." அதே வேகத்தில் மீனக்கா பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்மா. நிலையத்துப் பொருள் எது இருந்தாலும் வெச்சிட்டுக் கிளம்புங்க."

மீனக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். கையுறையை எடுத்து வைத்தாள். நீளம் பார்க்கும் அளவுப் பலகையை வைத்தாள். கடைசியாக, துண்டில் பத்திரமாகச் சுற்றியிருந்த தராசை வைத்தாள்.

இயக்குநர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு?" என்றார் இயக்குநர் அம்மா.

"மூணு மாசமா மேடம். ராத்திரி வீட்டுக்குக்கூட கொண்டு போயிடுவேன். ஈரம் பட்டா கெட்டுடும்னு பயம்."

இயக்குநர் அம்மா பொறுப்பாளரின் தாளை ஒருமுறை பார்த்தார். பொறுப்பாளரை ஒருமுறை பார்த்தார். பிறகு தராசை எடுத்து மீனக்காவின் பைக்குள்ளேயே வைத்தார்.

"வெச்சுக்குங்கம்மா. அடுத்த வருஷமும் உங்களுக்கு வேணும்."

மீனக்காவின் முகம் மலர்ந்தது.

"சாரும் இதையேதான் சொன்னார் மேடம். 'உங்களுக்குத் தராசு வேணாமா சார்'னு முதல் நாளே கேட்டேன். 'எனக்கு எதுக்கும்மா, நீங்களே வெச்சுக்குங்க'ன்னு பெருந்தன்மையா விட்டுக்கொடுத்துட்டார்!"