பிசுபிசுத்த கலவை

புருஷன் வார்த்த சுவர்ப் பலகைகளைப் பொண்டாட்டியே தேறாது என்று ஒதுக்கினால், தொழிற்சாலையில் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா?

அவர் புரொடக்‌ஷன் மேனேஜர். அந்தம்மா அங்கேயே தரம் பார்க்கும் இன்ஜினியர். ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். கேட்டைத் தாண்டிவிட்டால் சார், மேடம்தான்.

இந்தத் தடவை கான்கிரீட்டில் வழக்கமாகப் போடுகிற கண்ணாடி இழைகளோடு சிலிக்கா ஃப்யூம் என்று ஒரு தூளையும் சேர்த்திருந்தார்கள். உலைப்புகையிலிருந்து பிடிக்கிற சாம்பல் நிறத் தூள். சிமென்ட்டைவிடப் பொடிசு, சந்துபொந்தெல்லாம் புகுந்து, இழைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பலகையை மெல்லிசாக வார்த்தாலும் உடையாது என்று மேனேஜர் முதலாளியிடம் மார்தட்டியிருந்தார்.

சோதனைக் கட்டியை மெஷினில் வைத்து அழுத்தினால், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"இந்த பேட்ச் மொத்தமும் கழிவு சார். பொறுப்பு மேனேஜரோடது" என்று முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார் மேடம். மேனேஜரும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். முதலாளி அவரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

கேன்டீனில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. வீட்டுச் சண்டையை இங்கே தீர்த்துக்கொண்டாள் என்றார்கள். எல்லாரையும்விட அதிகமாகக் கொதித்தவர் மிக்ஸர் ஆபரேட்டர். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மேடத்தைப் பிழிந்து காயப்போட்டார். அப்படியும் மனசு ஆறாமல், ஆறுதல் சொல்ல மேனேஜர் அறைக்கே கிளம்பிப் போனார்.

"கட்டின புருஷனை இப்படியா சார் நாலு பேர் முன்னாடி மாட்டி விடுவாங்க? எப்படி சார் குடும்பம் நடத்துறீங்க?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்தத் தூளைப் போட்டா கலவை பிசுபிசுன்னுதான்ப்பா இருக்கும். ஓட மாட்டேங்குதேன்னு வாளியில தண்ணியைக் கொண்டாந்து ஊத்தினா, பலமெல்லாம் போயிடும்."

ஆபரேட்டர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் பார்வை மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"நீ ஊத்தினதை லேப் ஜன்னல்லேருந்து அவ பார்த்துட்டா. முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும். 'உங்களைன்னா திட்டுறதோட விட்டுடுவாரு, பழியை நீங்களே ஏத்துக்குங்க'ன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னவளே அவதான்."